நிறமும் நேர்மையும்

(வித்துராவில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் நிற்போர் சங்க இலக்கியம் பற்றியோ குறள் நெறி பற்றியோ பேசுவது நம் வழக்கம். அதற்குரிய புலமை எனக்கு இல்லை. பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான்; ஓய்வுக்குப் பின் படம் பிடிப்பதையும், பிடித்த படத்தைக் கணினியில் தொகுப்பதையும் பொழுதுபோக்காகக் கொண்டவன். சென்ற ஆண்டு இதே மேடையில், தோட்டத்து முதியோர் தம் வாழ்க்கையைத் தாமே கூறும் அரை மணி நேரப் படம் ஒன்றைத் திரையிட்டோம். பலர் பாராட்டினீர்கள். அதைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள்.

அன்பர்களே! உங்களுக்கு ஓர் உண்மையை இன்று சொல்லியாக வேண்டும். சென்ற ஆண்டு நீங்கள் கண்டது இரண்டாவது படம். அதற்கு முன் முதற்படம் ஒன்று இருந்தது. காட்சிகள் அவையே, பேச்சும் அதுவே, ஒரு சொல்கூட மாறவில்லை. மாறியது நிறம் ஒன்றே. ஆயினும் முதற்படத்தை உங்கள் முன் வைக்க என் மனம் துணியவில்லை. ஏன் துணியவில்லை என்பதைச் சொல்வதே இன்றைய என் உரை.

கண்ணும் கருவியும்

வித்துராவிலிருந்து இரண்டு மலைப் பாதைகள் செல்கின்றன. ஒன்று கல்லாற்றைக் கடந்து 22 கொண்டையூசி வளைவுகள் ஏறிப் பொன்முடியை அடைகிறது. மற்றொன்று போணக்காட்டுக்குச் செல்கிறது. அகத்தியர்கூடம் ஏறுவோர் நடக்கத் தொடங்கும் இடம் அது. தமிழ் முனிவர் பெயர் தாங்கிய அந்த மலையின் அடிவாரத்தில், தமிழ் பேசிக்கொண்டு தேயிலை பறித்தவர்கள் நம் மூத்தோர். நாங்கள் சென்றபோது தொழிற்சாலை நெடுநாளாக ஓய்ந்து கிடந்தது. கவாத்து காணாத தேயிலைச் செடிகள் மரங்களாகி நின்றன. லயத்து வீடுகளில் சில குடும்பங்களே இருந்தன.

இரண்டு கருவிகளால் படம் பிடித்தோம். ஒன்று என் காமிரா. மற்றொன்று என் தங்கை மகனின் கைப்பேசி. காலை 8 மணிக்கு வெயில் அடித்தது. 9 மணிக்கு மூடுபனி இறங்கியது. 10 மணிக்கு மீண்டும் வெயில். எங்கள் கண்ணுக்கு யாவும் ஒரே தன்மையாகவே தோன்றின. வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தபோது திடுக்கிட்டேன். ஒரே ஆச்சி, ஒரே பேச்சு, ஒரே சேலை. ஆனால் ஒரு காட்சியில் முகம் செம்பு போல இருந்தது. அடுத்த காட்சியில் நீலம் பாரித்திருந்தது. கைப்பேசிக் காட்சியிலோ பச்சை படிந்திருந்தது.

இது ஏன்? நம் மருதாமலையிலே இன்று அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே ஒளியைப் பற்றி ஆராய்வோர் இந்த அவையிலும் இருக்கலாம். அவர்கள் முன் விளக்கம் சொல்ல அஞ்சுகிறேன். எனினும் எளிய முறையில் கூறுகிறேன். ஒரு வெள்ளை வேட்டியை விளக்கொளியில் பாருங்கள், வெள்ளை என்பீர்கள். அதையே உச்சி வெயிலில் பாருங்கள். அப்போதும் வெள்ளை என்பீர்கள். விளக்கொளி மஞ்சள் மிகுந்தது. ஆதலால் விளக்கின் கீழ் வேட்டியிலிருந்து கண்ணுக்கு வருவது மஞ்சள் ஒளியே. ஆனால் நம் கண்ணும் மூளையும் சேர்ந்து, அந்த ஒளியின் சாயலைக் கழித்துவிட்டு, 'இது வேட்டி. இது வெள்ளை' என்று தீர்ப்புச் சொல்லிவிடுகின்றன. கருவிக்கு இந்தக் கருணை கிடையாது. வந்த ஒளியை வந்தபடி அது பதிகிறது. அல்லது தானாகவே ஒரு கணக்குப் போட்டுத் தவறாகத் திருத்துகிறது.

ஒளியின் சாயலை அளக்கக் கெல்வின் என்னும் அளவு உண்டு. மெழுகுவத்திச் சுடர் ஏறத்தாழ 1,900. பழைய குண்டு விளக்கு 2,800. நண்பகல் வெயில் 5,500. மேகம் மூடிய வானம் 6,500-க்கும் மேல். எண் கூடக் கூட ஒளி நீலத்தை நோக்கிச் செல்லும். போணக்காட்டில் வெயிலுக்கும் மூடுபனிக்கும் இடையே எங்கள் கருவி பட்ட பாடு இதுவே. போதாக்குறைக்குத் தேயிலைச் செடிகள் வேறு. இலையில் பட்ட ஒளி பச்சையாகத் திரும்பி, நடுவே நிற்பவரின் மோவாயிலும் கன்னத்தின் அடியிலும் படிகிறது. இந்தக் குறைகளைப் பின்னர்ச் சரிசெய்யும் பணிக்குத்தான் 'கலர் கரெக்‌ஷன்' என்றும், 'கலர் கிரேடிங்' என்றும் பெயர்.

பழைய நாளின் நிறப் பணி

இது கணினியோடு பிறந்த கலை என எண்ண வேண்டா. தமிழில் முழுநீள வண்ணப்படமாக முதன்முதல் வந்தது 1956ஆம் ஆண்டின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. கேவா கலரில் எடுக்கப்பட்டது. மலையாளத்தின் முதல் வண்ணப்படம் 1961இல் வந்த 'கண்டம் பெச்ச கோட்டு'. பின்னர் 1965இல் 'செம்மீன்' வந்தது. மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவில் கடலும் கரையும் வண்ணத்தில் விரிந்தன. குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தையும் அப்படம் பெற்றது. அத்தகைய வண்ணப்படங்கள் திரைக்கு வருமுன், பதனிடும் கூடத்தில் ஒருவர் அமர்ந்து ஒவ்வொரு காட்சிக்கும் நிறம் தீர்மானிக்க வேண்டும்.

அவருடைய வேலை எவ்வாறு நடக்கும்? மூலச் சுருளிலிருந்து திரைச் சுருளுக்கு அச்சிடும்போது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று விளக்குகளின் ஒளி அதன் ஊடே செல்லும். ஒவ்வொரு விளக்குக்கும் 1 முதல் 50 வரை படிகள் உண்டு. 25ஐ ஒட்டிய எண் நடுநிலை. ஒரு காட்சி நீலமாக இருந்தால் எந்த விளக்கை எத்தனை படி கூட்டுவது, எதைக் குறைப்பது என்று அவர் குறித்துக் கொடுப்பார். படம் முழுமைக்கும் நூற்றுக்கணக்கான காட்சிகள். காட்சிக்கு மூன்று எண்கள். சென்னையில் ஸ்டூடியோக்களை ஒட்டி இத்தகைய கூடங்கள் செழித்தன. நமக்கு அருகே, திருவல்லத்தில், கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் நடத்தும் சித்ராஞ்சலி ஸ்டூடியோ 1980இல் எழுந்தது. அங்கும் இக்கலையில் தேர்ந்தோர் உருவாயினர். படத்தின் தொடக்கத்தில் இயக்குநர் பெயர் பெரிதாக வரும். நிறம் தீர்மானித்தவர் பெயர் கண்ணில் படாமலே ஓடிவிடும்.

பிறகு காலம் மாறியது. சுருளிலுள்ள படத்தை எண்களாக மாற்றி, கணினியில் நிறம் அமைத்து, மீண்டும் சுருளில் ஏற்றும் முறை வந்தது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு வந்த 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ' என்னும் படம் இம்முறையில் பெரிய திருப்பம். பச்சைப் பசேல் என்ற கோடையில் மிசிசிப்பியில் அதைப் படமாக்கினர். ஆனால் கதைக்கு வேண்டியது வறண்ட, புழுதி படிந்த, பழைய புகைப்படம் போன்ற நிலம். ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் வாரக்கணக்கில் அமர்ந்து, அந்தப் பச்சையை எல்லாம் வாடிய பொன்னிறமாக மாற்றினார்.

அந்நாளில் இதற்கான கருவிகள் பெரும் செல்வர்க்கே எட்டும் விலையில் இருந்தன. டாவின்சி என்பது அவற்றுள் புகழ் பெற்ற ஒரு பெயர். 2009இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் நிறுவனம் அதனை வாங்கி, பின்னர் இலவசமாகவே பயன்படுத்தத்தக்க ஒரு பதிப்பையும் வெளியிட்டது. பெருங்கூடத்தில் ஒருவர் கையில் இருந்த அதிகாரம் இன்று வித்துராவில் என் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. நன்மைதான். ஆனால் அதிகாரம் எளிதாகக் கிடைத்தால் அதைப் பயன்படுத்தும் நெறி தானாகக் கிடைத்துவிடுமா? கிடைக்கவில்லை என்பதற்கு நானே சான்று.

திருத்தமும் கோலமும்

இப்பணியில் இரண்டு நிலைகள் உண்டு. நம் வீட்டு வாசலை எண்ணிப் பாருங்கள். விடியலில் எழுந்து முற்றத்தைப் பெருக்கி, சாணம் தெளித்து, மேடு பள்ளம் இன்றிச் செம்மை செய்வது முதற்பணி. அதன் மேல் புள்ளி வைத்துக் கோலமிடுவது இரண்டாம் பணி. கரெக்‌ஷன் என்பது முற்றத்தைச் செம்மை செய்தல். அதனை நிறத்திருத்தம் என்போம். கிரேடிங் என்பது கோலம்; அதனை வண்ணக்கோலம் என்போம். பெருக்காத வாசலில் இட்ட கோலம் எப்படி இருக்குமோ, அப்படியே இருக்கும் திருத்தாத படத்தின் மேல் ஏற்றிய வண்ணமும்.

மென்பொருளைத் திறந்தால் மூன்று சக்கரங்கள் தெரியும். ஒன்று இருண்ட பகுதிக்கு. ஒன்று நடுத்தர ஒளிக்கு. ஒன்று மிகு ஒளிக்கு. லிப்ட், காமா, கெயின் என்று பெயர். அவற்றைத் திருகுமுன் அளவுமானிகளை நோக்க வேண்டும். ஒளியின் அளவை 0 முதல் 100 வரை காட்டுவது வேவ்ஃபார்ம். நிறத்தின் திசையையும் செறிவையும் ஒரு வட்டத்தில் காட்டுவது வெக்டர்ஸ்கோப். கண் களைத்துப் போகும், ஏமாறும், அளவுமானி ஏமாறாது.

இந்த வெக்டர்ஸ்கோப்பில் நான் கற்ற ஓர் உண்மை என்னை வியப்பில் ஆழ்த்தியது. அவ்வட்டத்தில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே ஒரு கோடு வரையப்பட்டிருக்கும். நல்ல ஒளியில் எடுத்த மனித முகம் எதுவாயினும், அதன் நிறம் பெரும்பாலும் அந்தக் கோட்டை ஒட்டியே விழும். ஐரோப்பியர் முகமும் அங்கேதான். ஆப்பிரிக்கர் முகமும் அங்கேதான். போணக்காட்டு ஆச்சியின் முகமும் அங்கேதான். வேறுபாடு ஒளியின் அளவிலும் செறிவிலும்தான், திசையில் அன்று. மனிதகுலம் ஒன்று என்று மேடை தோறும் முழங்குகிறோம். அதை ஒரு சிறு வட்டத்தில் வரைந்து காட்டுகிறது இந்தக் கருவி!

முதற்படம்

இவ்வளவும் நான் பின்னர்க் கற்றவை. தொடக்கத்தில் ஒன்றும் அறியேன். ஆதலால் முதற்படத்தின் காட்சிகளை எல்லாம் நகரத்தில் ஒரு படத்தொகுப்பு நிலையத்தில் கொடுத்தேன். கொடுக்கும்போது, "விழாவில் காட்ட வேண்டிய படம், நன்றாகப் பளிச்சென்று செய்து தாருங்கள்" என்று சொன்னேன். அந்தச் சொல்லை நான்தான் சொன்னேன். ஆகவே பின்னர் நடந்ததில் அவர்கள் மீது மட்டும் பழி சுமத்த மாட்டேன்.

பத்து நாளில் படம் வந்தது. பார்த்த எனக்குப் பெருமகிழ்ச்சி. மலை மயில் கழுத்துப் போல மின்னியது. வானம் நீலப் பட்டு. 'லட்' என்பார்கள், எந்த நிறத்தை எந்த நிறமாக மாற்றுவது என்று முன்கூட்டியே எழுதிவைத்த ஆயத்த அட்டவணை. அதை ஒரே தட்டில் படம் முழுதும் ஏற்றியிருந்தார்கள். தோலை மென்மையாக்கும் கருவியையும் முகங்களின் மேல் ஓட்டியிருந்தார்கள்.

படத்தில் பேசிய ஆச்சி, நாங்கள் படமெடுத்த இரண்டாம் மாதமே காலமாகிவிட்டார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். அவருடைய மகள் இங்கே வித்துராவில் வசிக்கிறார். விழாவுக்கு முன் அவரை வீட்டுக்கு அழைத்துப் படத்தைக் காட்டினேன். அழுவார் என்று எண்ணினேன். ஆறுதல் சொல்லக்கூடச் சொற்களைத் திரட்டி வைத்திருந்தேன். அவர் அழவில்லை. சற்று நேரம் பார்த்தார், என்னைப் பார்த்தார், மீண்டும் திரையைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"அண்ணாச்சி, மலை நம்ம மலைதான். குரலும் அம்மை குரல்தான். ஆனா இது எங்க அம்மை இல்லையே."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏனம்மா? உன் தாயேதான்" என்றேன். "எங்க அம்மை இவ்வளவு வெளுப்பு இல்லை. கையைப் பாருங்க. அம்மை கை இப்படியா இருக்கும்?" என்றார்.

பார்த்தேன். கொழுந்து பறிப்போர் விரல்களில் இலைச் சாற்றின் கறை ஏறி ஏறி, நகக்கண் வரை கருத்திருக்கும். அது கழுவினாலும் போகாது. அந்தக் கறை படத்தில் இல்லை! மென்மையாக்கும் கருவி அதை அழுக்கென்று கருதித் துடைத்துவிட்டது. நாற்பது ஆண்டு உழைப்பின் கையெழுத்து ஒரே நொடியில் அழிந்தது. கரிய, உறுதியான அந்த முகத்துக்குப் பதிலாக, வேறு யாரோ ஒரு மூதாட்டி, அவர் குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

தாயை ஒருமுறை மண்ணுக்குக் கொடுத்த மகளுக்கு, இரண்டாவது முறையும் தாயை இல்லாமற் செய்துவிட்டேன். அன்று இரவு எனக்கு உறக்கம் இல்லை.

யாருடைய முகம் அளவுகோல்?

ஏன் இப்படி நேர்கிறது என்று தேடிப் படித்தேன். உலகெங்கும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. முன்னாளில் கோடாக் நிறுவனம், படம் பதனிடும் கூடங்களுக்கு ஓர் அளவு அட்டையை அனுப்பிவந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அந்தப் பெண்ணின் முகம் சரியாக வந்தால் நிறம் சரி என்பது கணக்கு. விளைவு என்ன? கரிய முகங்கள் இருளில் மூழ்கின. கண்ணும் பல்லுமே தெரிந்தன. லோர்னா ராத் என்னும் கனடா நாட்டு அறிஞர் இதனை ஆராய்ந்து எழுதியுள்ளார். அவர் கூறும் ஒரு செய்தி நகைப்பையும் வேதனையையும் ஒருங்கே தரும். படச்சுருள் பழுப்பு நிறங்களைத் தெளிவாகக் காட்டும்படி திருந்தியதற்கு, சாக்லேட் விற்போரும் மர நாற்காலி, மேசை விற்போரும் தம் விளம்பரப் படங்கள் சரியாக வரவில்லை என்று முறையிட்டதும் ஒரு காரணமாம்! மனிதர் முகத்துக்காகத் திருந்தாதது மரச் சாமான்களுக்காகத் திருந்தியது. பல இனத்துப் பெண்கள் சேர்ந்து நிற்கும் அளவு அட்டை 1990களில்தான் வந்தது.

அது வெளிநாட்டார் செய்த பிழை என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியுமா? 'பளிச்சென்று' என்ற சொல்லை நான் எங்கே கற்றேன்? நம் கல்யாண ஆல்பங்களில் கற்றேன். கைப்பேசியில் முகத்தை வெளுக்கும் பொத்தானை நாம் விரும்பி அழுத்துகிறோம் அல்லவா? அங்கே கற்றேன்.

தாய்மார்களே! நம் முன்னோர் இப்படி எண்ணியவர்கள் அல்லர். மாந்தளிர் போன்ற கருமை கலந்த மேனி ஒளியை 'மாமை' என்று பெயரிட்டு அழகென்று போற்றியது சங்க இலக்கியம். அந்த மாமை கெட்டு மேனி வெளிறுவதைப் 'பசலை' என்றது. பிரிவுத் துன்பத்தால் வரும் நோய் என்றது. வள்ளுவர் அதற்கென்றே, 119ஆம் அதிகாரமாக, 'பசப்புறு பருவரல்' என ஒன்றை வகுத்தார். வெளிறுதல் நோய் என்று கண்டவர்கள் நம் புலவர்கள். நாமோ காசு கொடுத்து, நம் ஆச்சிகளின் முகத்தில் கணினியால் பசலையை ஏற்றுகிறோம்!

இரண்டாவது படம்

நல்ல வேளையாக மூலப்பதிவுகள் என்னிடம் பத்திரமாக இருந்தன. நிறம் அமைக்கும் மென்பொருள்கள் மூலத்தைத் தொடுவதில்லை. செய்த மாற்றங்களைத் தனியே குறித்து வைக்கின்றன. ஆகவே முதலிலிருந்து தொடங்க முடிந்தது. இரண்டு மாதம் பழகி, நானே திருத்தினேன். செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாளை உங்கள் வீட்டு இளைஞர்களுக்குப் பயன்படலாம்.

முதலில் அறையைத் திருத்தினேன். என் அறைச் சுவர் பாசிப்பச்சை. அதனருகே அமர்ந்து பார்த்தபோது கண் பச்சைக்குப் பழகி, படம் சிவந்திருப்பதாகவே தோன்றியது, அதைக் குறைத்தேன், மறுநாள் வேறு அறையில் பார்த்தால் எல்லாம் பச்சை! சாம்பல் நிறத் துணியைச் சுவரில் தொங்கவிட்டேன். 6,500 கெல்வின் விளக்கு ஒன்றைத் திரைக்குப் பின்னால் வைத்தேன். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கண்ணுக்கு ஓய்வு கொடுத்தேன்.

அடுத்து, நடுநிலையான ஒரு பொருளைத் தேடினேன். படம் எடுக்கும்போதே ஒரு சாம்பல் நிற அட்டையைக் காட்டிப் பதிந்திருந்தால் இந்தத் தேடல் வேண்டியதில்லை. எனக்கு அன்று அது தெரியாது. ஆச்சியின் அருகே ஒரு பழைய அலுமினியத் தூக்குவாளி இருந்தது. வானத்தை நோக்கியிருந்த அதன் மங்கிய மூடி சாம்பல் நிறம். அதில் நீலமோ மஞ்சளோ தெரியாதவாறு காட்சி தோறும் சமன் செய்தேன். வெயில் காட்சியும் மூடுபனிக் காட்சியும் கைப்பேசிக் காட்சியும் அந்த மூடியைக் கொண்டே உறவாயின.

மூன்றாவது, முகத்தில் படிந்த பச்சை. முகத்தை மட்டும் தனியே தெரிவு செய்து, நிழற்பகுதியில் மட்டும் பச்சையைக் குறைத்தேன், முழுவதும் நீக்கவில்லை. தேயிலை நடுவே நிற்பவர் முகத்தில் தேயிலையின் சாயல் சிறிது இருப்பதும் உண்மைதானே?

நான்காவதுதான் முதன்மையானது. முகத்தின் ஒளி அளவுமானியில் 40ஐ ஒட்டி நின்றது. 70க்கு ஏற்றினால்தான் அழகு என்று யாரும் சட்டம் வகுக்கவில்லை. ஆனால் பின்னால் மூடுபனி 95இல் வெள்ளையாக நின்றதால் முகம் இருண்டு தோன்றியது. முகத்தை வெளுப்பதற்குப் பதிலாக மூடுபனியை 80க்குத் தணித்தேன். என்ன வியப்பு! முகத்தைத் தொடவே இல்லை. ஆயினும் முகம் ஒளி பெற்றது. கன்னத்துச் சுருக்கமும், மூக்குத்தியின் சிறு மினுக்கும், விரலின் கறையும் தெளிந்து நின்றன.

எல்லாம் வெற்றியன்று. சில காட்சிகளில் மூடுபனி 100ஐத் தொட்டு வெறும் வெள்ளையாகியிருந்தது. அங்கே மீட்பதற்கு ஒன்றுமில்லை. பதிவாகாததை யாராலும் திருத்த முடியாது. கைப்பேசிக் காட்சிகளில் நிறத்துக்கு 256 படிகளே. மூன்று நிறமும் சேர்ந்து 1 கோடியே 67 லட்சம் நிறங்கள். கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும். ஆனால் மூடுபனி போன்று மெல்ல மெல்ல மாறும் ஒளியை அழுத்தித் திருத்தினால் அது பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும். என் காமிராவில் 1,024 படிகள். மொத்தம் 107 கோடி நிறங்கள். அதனால் அக்காட்சிகள் திருத்தத்தைத் தாங்கின. பொன்முடி மூடுபனியைப் படமெடுக்க விரும்பும் இளைஞர்கள் இதை மனத்தில் கொள்க.

இறுதியாகக் கோலம். பழைய நாளை ஆச்சி நினைவு கூரும் இடங்களில் மட்டும், மாலை வெயிலின் சாயலைச் சிறிது ஏற்றினேன். அமெரிக்கப் படத்தில் பச்சையைப் பொன்னாக்கியதை நான் குறை கூறவில்லை. அது கதை, கதைக்கு ஏற்ற கோலம். நம் படமோ சாட்சி. சாட்சியின் முகத்தை மாற்ற நமக்கு உரிமை இல்லை.

ஆச்சியின் மகளை மீண்டும் அழைத்தேன். இம்முறை ஆறுதல் சொற்கள் எதையும் திரட்டி வைக்கவில்லை. அவர் பேசாமல் பார்த்தார். கைகள் தெரியும் காட்சி வந்ததும், "அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்றார். நிறுத்தினேன். திரையருகே சென்றார்.

"இந்தக் கறையைத்தான், கல்யாண வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அம்மை புளி போட்டுத் தேய்ப்பா. போகவே போகாது. கையை முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டே இருப்பா" என்றார். பிறகுதான் அழுதார்.

ஆச்சி வாழ்நாளெல்லாம் மறைத்த கை அது. அதை ஊரறியக் காட்டலாமா என்ற ஐயம் அப்போதுதான் எனக்குத் தோன்றியது. மகளிடம் கேட்டேன். சற்று யோசித்து, "காட்டுங்க. மறைக்கிற காலம் முடிஞ்சு போச்சு" என்றார். அந்த ஒப்புதலைப் பெற்ற பிறகே படம் இந்த மேடைக்கு வந்தது. அக்காட்சியில் ஒன்றை அச்சிட்டுத் தருமாறு கேட்டார். அது இன்று அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

மூன்று வேண்டுகோள்

அன்பர்களே! பிழைப்பைத் தேடி மலையேறி வந்தவர்களின் வரலாறு கல்வெட்டில் இல்லை; அரண்மனை ஏட்டிலும் இல்லை. முகத்திலும் கையிலும் குரலிலும்தான் இருக்கிறது. அவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

முதலாவது, உங்கள் வீட்டு முதியோரைப் படம் பிடியுங்கள், கைப்பேசி போதும். அதிலுள்ள அழகூட்டும் பொத்தானை மட்டும் அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது, மூலப்பதிவை அழிக்காதீர்கள். வாட்ஸப்பில் அனுப்பிய படம் சுருங்கிய படம். அதை நம்பி மூலத்தைத் துடைத்துவிடாதீர்கள். எடுத்த நாளும் இடமும் எழுதி இரண்டு இடங்களில் வையுங்கள். மூலம் இருந்தால் எந்தப் பிழையையும் திருத்தலாம்; என் பிழையே திருந்தியது அதனால்தான்.

மூன்றாவது, படம் முடிந்ததும் அதில் உள்ளவரிடமோ அவர் மக்களிடமோ முதலில் காட்டுங்கள். அளவுமானி ஏமாறாது என்று சற்று முன் சொன்னேன், உண்மைதான். ஆனால் 'இது எங்க அம்மை இல்லையே' என்று சொல்ல அளவுமானிக்குத் தெரியாது.